யார் உடுத்தலாம் டார்ட்டன்?

அந்தமானின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தால், ஒரு பக்கம் அபெர்டீன் பஜார், மறு பக்கம் ஹாடோ. அபெர்டீன் ஸ்காட்லாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. ஹாடோ என்ற பெயரில் அந்த ஊர்ப் பக்கம் ஒரு மாளிகை இருக்கிறது. அபெர்டீன் பிரபுக்களான கார்டன் வம்சத்தாரின் பூர்விக வீடு அது. தெற்கே ருட்லண்ட் தீவுக்குப் போகும் வழியில் மேக்ஃபர்சன் நீரிணை. மாயாபந்தர் பக்கம் ஸ்டூவர்ட் சவுண்ட். கிரேட் நிகோபாரின் துறைமுகம் கேம்ப்பெல் பே.

கார்டன், மேக்ஃபர்சன், ஸ்டூவர்ட், கேம்ப்பெல் எல்லாமே ஸ்காட்லாந்தின் குலப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஒரு கட்டம் போட்ட துணி உண்டு. அதுதான் டார்ட்டன். இந்தப் பெயர்களைத் தினமும் சொல்லிப் புழங்கும் அந்தமான் தமிழர் ஒருவர், கிளாஸ்கோவில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கடையில் இந்தத் துணியைக் கையில் எடுத்ததும் அவருக்குள் ஒரு தயக்கம் எழும். இதை நாம் உடுத்தலாமா? அந்த ரத்தம் நம்மிடம் இல்லையே?

உடுத்தலாம். இதைத் தடுக்கும் சட்டம் ஸ்காட்லாந்தில் இல்லை. குலத்தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் எந்தக் கட்டத்தை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தத் துணி கடந்துவந்த பாதை தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டார்ட்டன் கழுத்துத் துண்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பாவில் எந்த வரிசையில் நிறங்கள் போகின்றனவோ, ஊடையிலும் பெரும்பாலும் அதே வரிசைதான். பச்சைப் பாவைப் பச்சை ஊடை கடக்கும் இடத்தில் அழுத்தமான பச்சைச் சதுரம் விழும். பச்சையைச் சிவப்பு கடக்கும் இடத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் தெரியும். இரண்டு இழைக்கு மேலே, இரண்டு இழைக்குக் கீழே என்று ஊடை ஓடுவதால் துணி முழுக்க மெல்லிய சாய்கோடுகள் இருக்கும். நான்கு நிற நூல் கொடுத்தால் பத்து நிறம் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட கோடு வந்ததும் வரிசை அப்படியே திரும்பி, கண்ணாடியில் தெரிவதுபோலப் பின்னோக்கிப் போகும். எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்குதான் ஒரு டார்ட்டனை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஆதி காலம் தொட்டு ஒவ்வொரு குலத்துக்கும் சொந்தமாக இருந்தவை என்று பலர் நம்புகிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. கட்டம் போட்ட கம்பளித் துணி ஸ்காட்லாந்தில் மிகப் பழையது என்பதில் சந்தேகமில்லை. க்ளென் அஃப்ரிக் பகுதியின் சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒரு துண்டு 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரிந்தது. 2023-ல் டண்டீ நகர அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாடு அந்தக் காலத்தில் கிடையாது. 1746-ல் நடந்த கல்லோடன் போரை ஒட்டி டேவிட் மோரியர் வரைந்த ஓவியத்தில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு (ஹைலண்ட்) வீரர்கள் ஆளுக்கொரு விதமாக உடுத்தியிருக்கிறார்கள். ஒரே ஆளின் மேல்சட்டை ஒரு கட்டம், கால்மேஜோடு வேறு கட்டம்.

அந்தப் போரில் மலைநாட்டார் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் தோற்றார்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டம், மலைநாட்டு ஆண்கள் தங்கள் பாரம்பரிய உடையை உடுத்துவதைக் குற்றமாக்கியது. அரசுப் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782 வரை அந்தத் தடை நீடித்தது. ஒரு தலைமுறையே உடுத்தாமல் வளர்ந்துவிட்ட பிறகு, டார்ட்டன் ராணுவத்தின் துணியாகத்தான் பெரிதும் பிழைத்துக் கிடந்தது.

தடை நீங்கியதும் ஆசை பெருகியது. 1815-ல் லண்டனில் இருந்த ஹைலண்ட் சொசைட்டி, குலத்தலைவர்களிடம் அவரவர் டார்ட்டன் மாதிரியைக் கேட்டு எழுதியது. தங்கள் குலத்துக்கு உரியது எது என்று தெரியாத தலைவர்களும் இருந்தார்கள். பேனக்பர்ன் ஊரில் வில்சன் குடும்பத்தின் நெசவாலை இருந்தது. 1819-ல் அவர்கள் தங்கள் கட்டங்களின் கணக்கை ஒரு புத்தகமாகத் தொகுத்தார்கள். எண்ணைக் கொண்டும் ஊர்ப் பெயரைக் கொண்டும் அழைக்கப்பட்ட சில கட்டங்கள் மெல்ல மெல்லக் குலப் பெயர்களைச் சூடிக்கொண்டன. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய அந்த வரவேற்பில் ஊரே டார்ட்டன் மயமானது. வில்சன் ஆலைக்கு ஆர்டர்கள் குவிந்தன.

இதில் மேக்ஃபர்சன் கட்டத்தின் கதை மனதை உறுத்துவது. குலப் பெயர் கிடைப்பதற்கு முன் அதற்கு 'கிட்' என்று பெயர். கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த தன் அடிமைகளுக்கு உடுப்புத் தைக்க அதை மொத்தமாக வாங்கியதால் வந்த பெயர் அது. கார்டன் கட்டம் ராணுவத்தில் பிறந்தது. 1793-ல் கார்டன் கோமகன் திரட்டிய படைக்காக, ஹண்ட்லி ஊரின் வில்லியம் ஃபோர்சைத், கருநீலமும் பச்சையும் கறுப்பும் கொண்ட 'பிளாக் வாட்ச்' கட்டத்தில் ஒரு மஞ்சள் கோட்டைச் சேர்த்தார். படைக்கு வந்த துணி பிறகு வம்சத்துக்கு ஆனது.

ஆகவே ரத்த உறவு என்ற நிபந்தனை டார்ட்டனோடு பிறந்ததல்ல. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் வழக்கம் அது. அதற்காக அதைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. கனடாவிலும் நியூசிலாந்திலும் வாழும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பாட்டன் பெயர் கொண்ட கட்டம்தான் விட்டுவந்த மண்ணோடு மிச்சமிருக்கும் ஒரே பிடி. இருநூறு ஆண்டு காலம் மக்கள் திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் உடுத்திய துணிக்கு அந்த வாழ்க்கையே உரிமை தந்துவிடுகிறது.

தமிழ் நெசவாளர்கள் இதற்கு நேரான ஒரு கதையில் பாத்திரங்களாக இருந்திருக்கிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் நெய்த கட்டம் போட்ட 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணி, நூற்றாண்டுக் கணக்கில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதைத் தங்கள் மூதாதையர் துணியாகவே கொண்டாடுகிறார்கள். பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்குகளிலும் அதற்கு இடமுண்டு. சில இழைகளை மட்டும் நறுக்கி உருவி, புதுக் கோலம் எடுக்கும் கலையையும் அவர்கள் வளர்த்திருக்கிறார்கள். நெய்தவர் தமிழர், உடுத்தியவர் கலபாரி. அந்தத் துணி அவர்களுடையதல்ல என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தமானில் டார்ட்டனைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1857 கிளர்ச்சியை ஒடுக்க லக்னோவை நோக்கி பிரிட்டிஷ் தளபதி ஹேவ்லாக் நடத்திச் சென்ற படையில் 78-ஆவது ஹைலண்டர்ஸ் இருந்தது. மெக்கன்சி டார்ட்டன் அந்தப் படைப்பிரிவின் அடையாளம். அதே போரில் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படையைச் சேர்ந்த, ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் பிறந்த கர்னல் நீல் அலகாபாத்திலும் கான்பூரிலும் செய்த கொடுமைகள் பேர்போனவை. பிடிபட்ட கிளர்ச்சியாளர்களை அடைக்கத்தான் 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் கைதிக் குடியேற்றம் தொடங்கியது. தண்டித்தவர்களின் பெயரையே தீவுகளுக்கும் வைத்தார்கள். ஃபீனிக்ஸ் பேயிலிருந்து படகு போகும் ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018-ல்தான் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் ஆயின. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை எதிர்த்து 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. இந்த வரலாறு தெரிந்த ஒருவர் படைப்பிரிவின் கட்டம் வேண்டாம், வேறு எடுக்கிறேன் என்றால் அது முழுக்க நியாயமான தேர்வு.

தேர்வுக்கு வழிகள் பல உண்டு. தாய்வழியிலோ தந்தைவழியிலோ ஸ்காட்டிஷ் குடும்பப் பெயர் இருந்தால் அந்தக் குலக் கட்டத்தை எடுக்கலாம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். குலம் இல்லாவிட்டால் ஊர் இருக்கிறது. அபெர்டீன் உட்படப் பல ஊர்களுக்கும் வட்டாரங்களுக்கும் தனி டார்ட்டன் உண்டு. அங்கே படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் அதை உரிமையோடு அணிகிறார்கள். யாரும் உடுத்தலாம் என்று வழக்கத்தில் ஏற்றுக்கொண்டவையும் உண்டு: பிளாக் வாட்ச், ஹண்டிங் ஸ்டூவர்ட், கேலடோனியா. கில்ட் எனும் டார்ட்டன் இடுப்புடையை வாடகைக்கு எடுத்து, மணமகனின் நண்பர்கள் எல்லோரும் மணமகன் வீட்டுக் கட்டத்தையே உடுத்துவது சாதாரணம். அழைத்த வீட்டுக்கு மரியாதை செய்யும் முறை அது.

விலக வேண்டியவையும் சில உள்ளன. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்த பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்கு உரியது. சில குலத்தலைவர்கள் தங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கும் கட்டங்களையும் பிறர் தொடுவதில்லை. வழக்கம் கேட்கும் இந்த மரியாதையைக் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ரத்தம் இல்லாமலும் டார்ட்டனைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ராயல் கூர்க்கா ரைஃபிள்ஸ் படையின் பைப் வாத்தியக்காரர்கள் டக்ளஸ் டார்ட்டன் அணிகிறார்கள். ஸ்காட்டிஷ் படைப்பிரிவு ஒன்றோடு இருந்த பழைய தோழமையின் அடையாளம் அது. ஸ்காட்லாந்தின் லெஸ்மஹாகோவில் வாழ்ந்த சர்தார் இக்பால் சிங் இன்னும் ஒரு படி மேலே போனார். 1999-ல் 'சிங்' என்ற பெயருக்கே ஒரு டார்ட்டன் வடிவமைக்க வைத்தார். இன்று சீக்கியக் குடும்பங்கள் தங்கள் குடும்பப் பெயரால் அமைந்த கட்டத்தை உடுத்த முடிகிறது.

அந்தமானில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 1942-க்கு முன்பே இங்கே வேர்விட்டவர்களை 'லோக்கல் பார்ன்' என்பார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த கைதிகளின் வழித்தோன்றல்கள். ஊர், மொழி, சாதி எல்லாம் கலந்த குடும்பங்கள். வம்சாவளியை மட்டும் வைத்து அவர்களை யாரும் வகைப்படுத்திவிட முடியாது. நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தமிழர்கள் இருக்கிறார்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள். இலங்கை மலையகத்தில் வணிகத் தேயிலையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் அதை நட்டார். ஹோலிரூட், டன்கெல்ட், ஸ்ட்ராத்ஸ்பே என்று ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்கள் அங்கே தோட்டங்களுக்கு வந்தன. அந்த மலைகளில் கொழுந்து பறித்துக் கூடை நிரப்பிய கைகள் தமிழருடையவை. இரண்டு நாட்டு வரலாறும் அந்தக் கைகளில் கலந்திருக்கிறது. ரத்தத்தைவிட இது சின்ன உறவு என்று எப்படிச் சொல்வது?

அந்த உறவைத் துணியில் பதியவும் வழி இருக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2008-ல் சட்டம் இயற்ற, 2009 பிப்ரவரியில் ஸ்காட்டிஷ் டார்ட்டன் பதிவேடு தொடங்கியது. உலகின் எந்த மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரரின் பூர்விகத்தை அது கேட்பதில்லை. நிறங்கள், இழைக் கணக்கு, கட்டம் முன்பு பதிவான எதையும் ஒத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை, சூட்டும் பெயரோடு விண்ணப்பதாரருக்கு என்ன தொடர்பு என்ற விளக்கம் ஆகியவைதான் அங்கே முக்கியம். மலையகத்திலிருந்து கச்சாலுக்கு வந்த குடும்பங்களோ லோக்கல் பார்ன் சமூகத்தாரோ ஒன்றுகூடித் தேயிலைப் பச்சையும் கடல் நீலமும் ரப்பர் பாலின் வெள்ளையும் கொண்டு ஒரு கட்டம் அமைக்க நினைத்தால், தொடர்பு என்ற கேள்விக்கு எழுத அவர்களிடம் நிறையவே இருக்கிறது. நெய்வதற்குத் தமிழ்நாட்டில் தறியும் ஆளும் உண்டு. தீவின் புழுக்கத்துக்குக் கம்பளியும் வேண்டாம், பருத்தியே போதும்.