குப்பை குறைந்த இல்லம்

கிராமத்து வீட்டில் குப்பை என்று தனியாக ஒன்று இருந்ததில்லை என்று முதியோர் சொல்வதுண்டு. அதில் பெருமளவு உண்மை உள்ளது. கொல்லைப்புறத்தில் எருக்குழி இருந்தது. சாணம், வைக்கோற் கூளம், வாழையிலை, அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் யாவும் அதனுள் சென்றன. கோடையில் வண்டி கட்டி அவ்வெருவை வயலுக்குக் கொண்டு போயினர். அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின, மாடு குடித்தது. கைக்கு வந்ததைக் கொல்லையில் எறிவது அக்காலத்தில் குற்றமன்று. எறியப்பட்டவை எல்லாம் மண்ணாகக் கூடியவையே. இன்றும் நாம் அதே கையால் அதே கொல்லையில்தான் எறிகிறோம். எறியும் பொருள்தான் வேறாகிவிட்டது.

இதனை எங்கள் குடும்பம் பிறர் சொல்லிக் கேட்டு உணரவில்லை. எங்கள் கறவைப் பசுவினால் உணர்ந்தது. காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்று, சிறிது நிலமும் ஒரு பசுவும் வைத்து வாழ்ந்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்பசு தீனியைக் குறைத்தது. அசை போடுவதை நிறுத்தியது. இடப்பக்க வயிறு உப்பி நின்றது. கஷாயம் கொடுத்தோம், பயனில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, வயிற்றைத் திறந்தாலன்றிப் பிழைக்காது என்றார். அவ்வாறே அறுவை செய்து, முதல் இரைப்பையினுள் கயிறு போல முறுக்கிக் கிடந்த பிளாஸ்டிக் பைகளைப் பிடிபிடியாக வெளியே எடுத்துப் போட்டார். அவற்றுள் சில பைகளை நாங்கள் அடையாளம் கண்டுகொண்டோம். மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் கட்டி வேலியோரம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிருந்தது. பசு பிழைத்தது. ஆனால் அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

மாடு இதனை ஏன் தின்கிறது என்று பலர் வியப்பர். மாடு நாவினால் தீனியைச் சுழற்றி இழுத்து, பெரும்பாலும் மெல்லாமலே விழுங்கிவிட்டுப் பின்னர் அசை போடும் பிராணி. பைக்குள் சோற்று மணம் இருந்தால் பையையும் சேர்த்தே விழுங்கிவிடும். முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலைக் கூடச் செரிக்கச் செய்வன; பிளாஸ்டிக்கை அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. அது அடுத்த இரைப்பைக்கு நகராமல் அங்கேயே தங்கி, மாதக் கணக்கில் சேர்ந்து, தீனிக்கு இடமின்றிச் செய்துவிடுகிறது.

அந்நிகழ்ச்சிக்குப் பின், வீட்டிலுள்ள பிளாஸ்டிக் அனைத்தையும் ஒரே நாளில் வெளியேற்றிவிட வேண்டும் என்று நான் சூளுரைத்தேன். என் மனைவி அதற்கு இணங்கவில்லை. "நன்றாக இருக்கிற குடத்தையும் டப்பாவையும் தூக்கி எறிந்தால் அதுவும் குப்பைதானே?" என்றார். அவர் கூற்றே சரி. கையிலுள்ளவை உடையும் வரையில் உபயோகிப்பது, புதிதாக வருவதை மட்டும் தடுப்பது என்று முடிவு செய்தோம். ஒரு மாறுதல் பழக்கமாகிய பிறகே அடுத்ததைத் தொடங்குவது என்றும் வகுத்துக்கொண்டோம்.

முதலில் எடுத்துக்கொண்டது துணிப்பை. இது மிக எளியது என்று எண்ணினோம். பழைய வேட்டியைக் கிழித்து நான்கு பைகள் தைத்தாயிற்று. ஆனால் கடைத்தெருவுக்குப் போன பிறகே பை வீட்டில் இருப்பது நினைவுக்கு வரும். சைக்கிள் கைப்பிடியில் ஒன்று, வாயில் நிலையில் ஆணியடித்து ஒன்று, வயலுக்குக் கொண்டு போகும் கூடையில் ஒன்று என்று நிரந்தரமாக மாட்டி வைத்த பிறகே இது கைகூடிற்று. தமிழகத்தில் ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. அப்படியிருந்தும் பை புழக்கத்தினின்றும் முற்றிலும் ஒழியவில்லை. துணி போலவே தோன்றும் ஒருவகைப் பை இப்போது கடைகளில் கிடைக்கிறது; அது நெய்யப்படாத பிளாஸ்டிக் இழையே, தடைப்பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. ஓர் ஓரத்து இழையைப் பிரித்து நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு முத்தாகும். மேலும், பருத்திப் பையாயினும் விழாவுக்கு ஒன்றாக வாங்கிப் பரணில் குவிப்பதில் பயனில்லை. பருத்தி விளைவிக்கவும் நீரும் உழைப்பும் வேண்டும். ஒரே பை ஆண்டுக்கணக்கில் உழைத்தால்தான் அது சிக்கனம்.

இரண்டாவதாக, ஒரு வாரக் குப்பையைத் திண்ணையில் கொட்டிப் பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் அழுகக்கூடிய பொருளாகவே இருந்தது. அது பிளாஸ்டிக்கோடு கலந்து கிடந்ததால்தான் எருவுக்கும் உதவாமல், பழைய பொருள் வியாபாரிக்கும் உதவாமல் போயிற்று. ஆகவே எருக்குழியைப் புதுப்பித்தோம். இதில்தான் நாங்கள் அதிகமாகத் தவறினோம். ஆதலால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஆவணி மாதத்தில் கொல்லையில் மூன்றடி ஆழத்தில் குழி வெட்டிச் சமையற் கழிவைக் கொட்டி வந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழியில் நீர் தேங்கியது, துர்நாற்றம் அடுத்த தெரு வரையில் வீசியது, புழு நெளிந்தது. அண்டை வீட்டார் முகங்கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டனர். என் தாயார், "எருக்குழி வைக்கத் தெரியாதவனுக்கு நிலம் எதற்கு?" என்று கேட்டார். அவர் சொன்ன பிறகே பழைய முறையை நினைத்துப் பார்த்தோம். அக்காலத்துக் குழியில் வைக்கோலும் சருகும் சாணமும் மிகுதி. சமையற் கழிவு சொற்பம். எங்கள் குழியிலோ ஈரமான கழிவு மட்டுமே இருந்தது.

மக்கும் செயலைச் செய்வன நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஆற்றல் தரும் கரியும், உடல் வளர்க்கும் தழைச்சத்தும் வேண்டும். ஏறத்தாழ 30 பங்கு கரிக்கு 1 பங்கு தழைச்சத்து என்பது ஏற்ற அளவு. சருகு, வைக்கோல், உமி ஆகியவற்றில் கரி மிகுதி. சாணம், பசுந்தழை, சமையற் கழிவு ஆகியவற்றில் தழைச்சத்து மிகுதி. இவற்றோடு காற்றும் ஈரமும் இருத்தல் வேண்டும். ஒரு பிடி எருவைக் கையில் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் சொட்டலாகாது. நீர் தேங்கினால் காற்று அற்றுப்போகும். காற்றில்லாமல் வாழும் உயிர்கள் பெருகி நாற்றத்தை உண்டாக்கும்.

ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில விஞ்ஞானி இந்தூரில் இருந்தபோது, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து, நம் நாட்டு உழவர் பழக்கங்களையும் கவனித்து, எரு தயாரிக்கும் முறை ஒன்றை ஒழுங்குபடுத்தி 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அடுக்கடுக்காகக் கழிவையும் சாணக் கரைசலையும் இட்டு, இடையிடையே கிளறிவிட்டு, மூன்று மாதங்களில் எருவாக்கும் அம்முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர். மழைக்காலத்தில் குழியை விட்டுத் தரைக்கு மேல் குவியலாக இடுவதும் அம்முறையில் உண்டு. நாங்கள் அறியாமற் போனது அதைத்தான். பெங்களூரில் ஆச்சார்யா என்னும் அறிஞர் 1939-ஆம் ஆண்டையொட்டி வகுத்த மற்றொரு முறையில் கிளற வேண்டியதில்லை; நிரம்பிய குழியை மண்ணால் மெழுகி மூடிவிட்டால் ஆறு முதல் எட்டு மாதங்களில் எரு கிடைக்கும். ஆள் பற்றாக்குறை உள்ள வீட்டுக்கு இது ஏற்றது.

இப்போது மேட்டுப்பாங்கான இடத்தில் சுற்றிலும் கரை கட்டி, மேலே தென்னங்கீற்றுக் கூரை வேய்ந்து, இரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறோம். ஒன்று நிரம்பும்போது மற்றொன்று மக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு சாக்குச் சருகு எப்போதும் இருக்கும். ஒரு கூடை சமையற் கழிவு கொட்டினால் அதன் மேல் இரண்டு கூடை சருகு என்பது எங்கள் கணக்கு. ஈ வருவதும் நின்றது. வாழைத்தண்டை நறுக்கிப் போட வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை, எலும்பு ஆகியவை எளிதில் மக்கா. சிரட்டையைக் கரி சுடுவோர் விலைக்கு வாங்கிக்கொள்கின்றனர். குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறைவாக இருந்தால் உள்ளே போதிய சூடு ஏறாது. சூடு ஏறாவிடில் களை விதை சாவதில்லை. இக்காரணம் பற்றியே அண்டை வீடுகளின் சருகையும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். நாற்றத்துக்காகக் கோபித்தவர்களே இப்போது கூடையோடு கொண்டுவந்து கொட்டுகின்றனர்.

கடைச் சாமான்களுக்கு வருவோம். எண்ணெய்க்குத் தூக்கும், மீனுக்கு எவர்சில்வர் டப்பாவும் கொண்டு போனபோது கடைக்காரர் முகம் சுளித்தார். "வாத்தியார் ஐயா, கூட்ட நேரத்தில் வெறும் பாத்திரத்தை நிறுத்துக் கழித்துக்கொண்டிருக்க முடியுமா?" என்றார். அவருடைய சங்கடம் நியாயமானதே. பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பது போல, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் அதன் எடையைக் கிராம் கணக்கில் வெட்டச் செய்தோம். கடைக்காரர் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டார். அதன் பின் தகராறு இல்லை.

ஷாம்பு, பிஸ்கோத்து, மசாலா ஆகியவற்றின் சிறு உறைகளில் எங்கள் முயற்சி முழு வெற்றி பெறவில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால் அவற்றைப் பிரித்து உருக்குவது கடினம். எந்த வியாபாரியும் எடுப்பதில்லை. மசாலாவை மில்லில் அரைத்துக்கொள்கிறோம். சீயக்காய்ப் பொடியும் அரைத்தோம். என் மகள் அதனை ஏற்கவில்லை. கல்லூரிக்குப் பேருந்தில் போகிறவள் தலை உலரும் வரை காத்திருக்க முடியாது என்றாள். பெரிய புட்டியாக வாங்கிக்கொடுத்துச் சமாதானமானோம். அன்றாடக் கூலி பெறுவோர் ஓர் உறை வாங்குவதைக் குறை சொல்வதும் முறையன்று. மொத்தமாக வாங்க அவர்களிடம் முன்பணம் இல்லை.

இத்தகைய உறைகளை முன்பெல்லாம் மாலையில் சருகோடு கொளுத்திவிடுவோம். பிளாஸ்டிக்கைக் குறைந்த சூட்டில் எரித்தால் நச்சுப் புகை எழும், பி.வி.சி. போன்றவை எரியும்போது டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். அது காற்றோடு போய்விடுவதில்லை. புல்லிலும் மண்ணிலும் படிந்து, மேயும் மாட்டின் கொழுப்பிலும் பாலிலும் சேரும். இதனை அறிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் எரிப்பதில்லை.

பேரனின் காதணி விழாவில் பந்திக்கு வாழையிலையும், தண்ணீருக்கு வாடகை எவர்சில்வர் டம்ளரும் வைத்தோம். பிளாஸ்டிக் பூசிய காகித இலையும் குவளையும் தவிர்க்கப்பட்டன. எனக்குப் பெருமையாக இருந்தது. பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, நூற்றுக்கணக்கான டம்ளர்களை என் மனைவியும் மருமகளும் நாத்தனாரும் இரவு பதினொரு மணி வரையில் துலக்கிக்கொண்டிருந்தனர். எறிவதைக் குறைத்த பெருமை எனக்கு, உழைப்பு அவர்களுக்கு என்று ஆகிவிட்டது. அதன் பிறகு கணக்கிட்டுப் பார்த்தால், வீட்டில் ஒவ்வொரு மாறுதலும் அவ்வாறே இருந்தது. பையைத் துவைப்பது, டப்பாவைக் கழுவுவது, கழிவைப் பிரிப்பது யாவும் பெண்கள் தலையில்தான் விழுந்திருந்தன. இப்போது எருத்தொட்டியும் கடைப் பாத்திரங்களும் என் பொறுப்பு. விசேஷங்களில் பாத்திரம் துலக்கக் கூலிக்கு இருவரை அமர்த்துவதைச் செலவுப் பட்டியலிலேயே சேர்த்துவிடுகிறோம்.

தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டில் பிறந்து, கடைசி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்து 1960-இல் மறைந்த ஜே. சி. குமரப்பா, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி 1945-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை தேக்கி வைத்த நீர் போன்றவை, எடுக்க எடுக்கக் குறையும். காடும் பயிரும் தருபவை ஓடும் நீர் போன்றவை என்று பிரித்துக் காட்டியவர் அவர். பெட்ரோலியத்திலிருந்து செய்த பையை ஐந்து நிமிடம் உபயோகித்து எறியும்போது அப்பிரிவு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

குளியலறை நீரைத் தெருவில் விடாமல் உறிஞ்சு குழிக்கும் அதனருகே நட்ட வாழைக்கும் திருப்பியிருக்கிறோம். சலவை சோடா கலந்த நீரை மட்டும் வாழைக்கு விடுவதில்லை. சோடியம் மிகுந்தால் மண் இறுகிவிடும்.

இன்னும் தீராதவையும் உண்டு. மாத்திரை உறை, அறுந்த செருப்பு, பெண்கள் உபயோகிக்கும் அணையாடை ஆகியவற்றுக்கு எங்களிடம் வழியில்லை. துணி அணையாடையைத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் நல்லது என்பர். வெயிலில் கூச்சமின்றிக் காயப்போட எங்கள் வீட்டில் மறைவான இடம் இல்லை. கொல்லையில் கீற்றுத் தடுப்பு ஒன்று அடைக்கப் போகிறேன். மற்றவற்றை ஒரு சாக்கில் கட்டி மாட்டுக்கு எட்டாத உயரத்தில், தாழ்வாரத்து உத்திரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். முன்பு வாரம் ஒரு சாக்கு நிரம்பும். இப்போது நிரம்ப மூன்று மாதங்களாகின்றன. நிரம்பியதும் தூய்மைக் காவலரிடம் கொடுத்துவிடுகிறோம்.