உழைப்பை விழுங்கும் சூது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் நம் வாலிபர்கள் வியர்வை சிந்தி ஈட்டும் மாத ஊதியம், கைப்பேசிச் சூதில் ஓரிரவில் கரைந்துவிடக்கூடும்.

லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தமிழக அரசு 2003இல் தடை செய்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. ஆயினும் சட்டம் மட்டுமே வீட்டைக் காத்துவிடாது.

கணக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் சூது நடத்துபவர் பத்து விழுக்காடு எடுத்துக்கொண்டால், ஆடுவோர் வைத்த 100 ரூபாய் ஏழே சுற்றில் 48 ரூபாயாகச் சுருங்கும். இழந்ததை மீட்க வட்டிக்கு வாங்குவதே அடுத்த படி. பிறகு தாயின் நகை, குடும்பத்தின் நிம்மதி.

திருக்குர்ஆன் (5:90) மதுவுடன் சூதையும் சேர்த்து விலக்கியிருப்பதன் பொருள் இங்கே விளங்குகிறது. பெற்றோரே, பிள்ளை கடன்பட்டதை அறிந்தால் ஏசாதீர்கள். அருகில் அமர்ந்து முழுக் கணக்கையும் கேளுங்கள். மறைத்த கடனே வட்டியில் வளரும்.