பழியெல்லாம் வயதின் மேல்தானா?

மாத்திரை அட்டையைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்து, அதுவும் போதாமல் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நகர்ந்து, காலாவதி தேதியைப் படிக்கத் திணறுகிறார் ஒருவர். அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கூடவே இன்னும் சில தொந்தரவுகள் வந்து சேர்ந்திருக்கும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். போன தீபாவளிக்கு எடுத்த பேன்ட் இடுப்பில் ஏறாது. தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "வயசாகுதுல்ல!"

சிக்கல் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. பார்வை மங்குவது வயதின் வேலை. மூச்சு வாங்குவது பெரும்பாலும் உடம்பை அசைக்காமல் வைத்திருந்ததன் பலன். சில நேரம் ரத்தசோகை, இதயக் கோளாறு போன்ற நோயின் அறிகுறி. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவதால்தான், மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசுபவர்கூட ரத்தத்தில் சர்க்கரை பார்த்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

வயது செய்யும் வேலை

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நன்றாக நெகிழும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அது தடித்து வடிவம் மாறும். ஆண்டுகள் போகப் போக அது இறுகி, நாற்பதுகளில் முன்போல் வளைந்துகொடுக்காமல் போகிறது. இதுதான் வெள்ளெழுத்து. கண் பயிற்சியாலும் கேரட் சாற்றாலும் இதைத் தடுக்க முடியாது. கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதை நடைபாதைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதைவிடக் கண் மருத்துவரிடம் போவது நல்லது. சத்தமில்லாமல் பார்வையைப் பறிக்கும் கண் நீர் அழுத்த நோய் இருக்கிறதா என்பதையும் அவர் அப்போதே பார்த்துவிடுவார்.

எலும்பின் அடர்த்தி முப்பது வயதை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. தசையோ முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. முடி நரைக்கிறது, தோல் தளர்கிறது, பெயர்கள் நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. இவை யாரையும் விட்டுவைப்பதில்லை.

தொப்பையை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. "நாற்பதுக்கு மேல் உடம்பில் எரிசக்தி குறைந்துவிடும், அதனால்தான் சதை போடுகிறது" என்று பலரும் நம்புகிறார்கள். ஹெர்மன் பான்ட்சர் தலைமையிலான குழு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை ஆராய்ந்து 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை அதில் அடக்கம். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது என்பதே முடிவு. ஆகவே நாற்பதில் விழும் தொப்பைக்குக் காரணத்தைத் தட்டிலும் நாற்காலியிலும்தான் தேட வேண்டும்.

மூன்று வாரமும் முப்பது வருடமும்

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். முடிவில் அவர்களின் இதயமும் தசைகளும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கடுமையாகச் சரிந்திருந்தது.

முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அழைத்தார்கள். எல்லோரும் ஐம்பதை எட்டியிருந்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடல் கொழுப்பு 14 சதவீதத்திலிருந்து 28 ஆக, அதாவது இரு மடங்காகியிருந்தது. அப்படியிருந்தும், இருபது வயதில் படுத்தே கிடந்த மூன்று வாரம் அவர்களின் திறனைக் குறைத்த அளவுக்கு, இடையில் ஓடிய முப்பது வருடங்கள் குறைத்திருக்கவில்லை!

அதன்பின் ஆறு மாதம் அவர்களுக்கு நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தத் திறன் 1966-ல் படுக்கைக்குப் போகும் முன் இருந்த அளவுக்கே திரும்பியது. இதயத்தின் உச்சத் துடிப்பு வேகம் மட்டும் திரும்பவில்லை. அது வயது எடுத்துக்கொண்டது. மற்றதை எடுத்துக்கொண்டது சோம்பல்.

கை ஊன்றாமல் எழ முடிகிறதா?

கல்யாணப் பந்தியில் தரையில் இலை போட்ட காலம் மலையேறிவிட்டது. வீட்டில் சாப்பாட்டு மேசை, பூஜையறையில் முக்காலி, கோயிலில்கூட ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பல நாற்பது வயதுக்காரர்கள் தரையில் சம்மணமிட்டு மாதக்கணக்காகிறது. என்றாவது உட்கார்ந்துவிட்டால் ஒரு கையைத் தரையிலும் இன்னொன்றை முழங்காலிலும் ஊன்றி, "அப்பாடா" என்றுதான் எழுகிறார்கள்.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற மருத்துவர் இதையே ஒரு பரிசோதனையாக ஆக்கினார். தரையில் உட்கார்ந்து எழ மொத்தம் 10 மதிப்பெண். கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும். தடுமாறினால் அரை குறையும். 51 முதல் 80 வயதுவரையிலான 2,002 பேரைச் சோதித்துத் தொடர்ந்து கவனித்ததில், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. 2012-ல் இது வெளியானது. முழங்கால் வலியோ மூட்டு அறுவை சிகிச்சையோ உள்ளவர்கள் இதை முயல வேண்டாம்.

இழந்த தசையைத் திரும்பச் சேர்க்க எந்த வயதிலும் வழி உண்டு. பாஸ்டனில் ஒரு முதியோர் மையத்தில் 86 முதல் 96 வயதுவரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் வெளியான அந்த ஆய்வில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில் முடிந்தது நாற்பத்தைந்தில் முடியாதா?

இந்திய டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா, முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து வலியோடு ஆடிக்கொண்டிருந்தவர். வலியைச் சமாளிக்க அவர் கையில் எடுத்தது ஐயங்கார் யோகா. 2024-ல், 43 வயதில், ஆஸ்திரேலிய ஓபன் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றதோடு, இரட்டையர் தரவரிசையில் முதலிடத்தைத் தொட்ட மிக மூத்த வீரரும் ஆனார்.

எல்லோரும் டென்னிஸ் மட்டையைத் தூக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரம் 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும். நடைப் பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது என்று வீட்டிலேயே தொடங்கலாம். தசைக்குப் புரதமும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று ஓட்டினால் அது கிடைக்காது. சுண்டல், பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றுக்குத் தட்டில் இடம் வேண்டும்.

'வாயுப் பிடிப்பு' என்று நினைத்துவிடாதீர்கள்

நெஞ்சில் இறுக்கம், இடது கையில் குடைச்சல், குப்பென்று வியர்வை. "வாயுவாத்தான் இருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று கடைக்கு ஆள் அனுப்புவது இன்றும் நடக்கிறது. சோடா வருவதற்குள் பொன்னான நேரம் போய்விடுகிறது. அந்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் மூச்சுத்திணறல், தாடை வலி, கடுமையான களைப்பு என்றும் மாரடைப்பு வெளிப்படலாம். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53 என்று தெரிந்தது. பிற நாட்டவரைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டு முன்னதாக!

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. 2023-ல் வெளியான கணக்கு இது. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, ஆறாத புண், காரணமில்லாத களைப்பு எல்லாம் இதன் அறிகுறியாக இருக்கலாம். நாற்பதுகளில் தோள்பட்டை இறுகி, தலை பின்னவோ கொடியில் துணி போடவோ கை தூக்க முடியாமல் போகிறவர்களும் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் அதிகம் வருகிறது.

எடை பார்க்கும் இயந்திரத்தைவிட அளவு நாடா உண்மையைச் சொல்லும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்துக் கோடு.

பேசாமல் விடும் விஷயங்கள்

மின்விசிறியை ஐந்தில் வைத்தும் நள்ளிரவில் வியர்வையில் நனைந்து எழுந்து உட்காருகிறார் மனைவி. மறுநாள் தூக்கம் கெட்டு, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். "இவளுக்கு என்னதான் ஆச்சு?" என்கிறார் கணவர். ஆனது மெனோபாஸ்.

மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே அது நேர்ந்துவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சுழற்சி தாறுமாறாகும். உடல் திடீரென்று கொதிக்கும். மனம் சட்டென்று மாறும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பு வேகமாகத் தேயும், இதய நோய் அபாயமும் ஏறும். தொந்தரவு அதிகமானால் சிகிச்சை உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் நின்று 12 மாதம் ஆனபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆண்கள் மறைப்பது வேறு. தாம்பத்தியத்தில் எழும் குறைபாட்டுக்கு விளம்பரம் பார்த்து லேகியம் வாங்குகிறார்கள். அந்தக் குறைபாடு ரத்தக்குழாய்கள் கெடத் தொடங்கியதன் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதால், லேகியத்துக்கு முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும்.

மனம் இறங்கி ஏறும் இடம்

நடுவயது நெருக்கடி என்ற கருத்தை 1965-ல் எலியட் ஜாக்ஸ் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். பிற்பாடு டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர் என்ற பொருளியலாளர் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் கருத்துக்கணிப்புகளை அலசி, வாழ்க்கைத் திருப்தி 47, 48 வயதையொட்டி அடிமட்டத்தைத் தொட்டுப் பிறகு ஏறுகிறது என்று 2020-ல் எழுதினார். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம், அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, வீட்டுக் கடன், அலுவலகத்தில் தன்னைவிட இளைய மேலதிகாரி என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மொய்க்கும் வயது அது.

மூளை மழுங்கிவிடுமோ என்ற பயம் மட்டும் தேவையில்லை. 1956 முதல் பல்லாயிரம் பேரைப் பின்தொடர்ந்த சியாட்டில் ஆய்வு, வேகம் இளமையிலிருந்தே குறைந்தாலும் சொல்வளம், தர்க்கம் போன்றவை நடுவயதில்தான் உச்சத்தில் இருக்கின்றன என்று காட்டியது.

சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் நடுவயது இதற்குக் கண்கூடான சாட்சி. 2013-ல், 43 வயதில், சொந்த ஊரான சென்னையிலேயே உலகப் பட்டத்தை 22 வயது கார்ல்சனிடம் இழந்தார். 'ஓய்வு எப்போது?' என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, 2017-ல் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். அதன்பின் போட்டிகளைக் குறைத்துக்கொண்டு, 2020 முதல் இளம் வீரர்களுக்கு வழிகாட்டத் தொடங்கினார். அவர்களில் ஒருவரான குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். அடுத்த தலைமுறையை வளர்த்தெடுப்பதே நடுவயதின் பணி, அது இல்லாதவர்கள் தேங்கிப்போவார்கள் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்னது இதைத்தான்.

முதுமையைப் பற்றிய எண்ணத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயது கடந்த 660 பேரை ஆராய்ந்த பெக்கா லெவி குழு, தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாக 2002-ல் எழுதியது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது நடுவயதுச் சோர்வு இல்லை, மனச்சோர்வு நோய். 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

இந்த மாதமே செய்ய வேண்டியது

முப்பது வயது கடந்த எவருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையும், வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முதல்கட்டப் பரிசோதனையும் இலவசம். நோய் உறுதியானால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இந்த மாதத்தில் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு அங்கே போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவன் மனைவி இருவருமாகப் போங்கள். முடிவைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.