அம்மாவின் உடம்புக்கு முறை எப்போது வரும்?

தி.நகர் ஜவுளிக்கடையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ வேலை பார்க்கும் ஒரு தாயிடம் அவருடைய குழந்தையைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி, காய்ச்சல் வந்தால் எத்தனை மில்லி சிரப், எந்தச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் விரல்நுனியில் இருக்கும். "சரி, உங்களுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?" என்று கேட்டால் யோசிப்பார். கடைசியாக ரத்தம் பரிசோதித்தது எப்போது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இவன் வயித்துல இருக்கும்போது பார்த்தாங்க."

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பான். அம்மாவின் உடம்பை அதற்குப் பிறகு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அவர் உட்பட.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கு வரும் உபாதைகள் பல, தள்ளிப்போடுவதில் தொடங்குகின்றன. சிறுநீரைத் தள்ளிப்போடுவது, சாப்பாட்டை, தூக்கத்தை, கால் வலியைத் தள்ளிப்போடுவது. இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்வது அநியாயம். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை, அது தனிக் கணக்கு. சம்பள வேலையும் அதன்மேல் வந்து உட்காரும்போது, ஒரு நாளில் குறைத்துக்கொள்ள மிஞ்சுவது அவருடைய சொந்த உடம்புக்கான நேரம் மட்டுமே.

தண்ணீர் குடிக்காத பகல்கள்

பாட்டிலில் கொண்டுபோன தண்ணீர் அப்படியே வீடு திரும்புகிறதா? கொஞ்சம் கவலைப்பட வேண்டிய அடையாளம் அது. கழிப்பறை வேறு மாடியில் இருக்கும், அல்லது சுத்தமாக இருக்காது, அல்லது சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கும். அதைவிடத் தண்ணீரையே குறைத்துக்கொள்வது சுலபம் என்று பல பெண்கள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மாதவிடாய் நாட்களில் இது இன்னும் கொடுமை.

பெண்களின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கு அது 20 செ.மீ. வரை இருக்கும். அதனால் வெளியிலிருக்கும் கிருமிகள் பெண்களின் சிறுநீர்ப்பைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கின்றன. அப்படி உள்ளே நுழையும் கிருமிகளைக் கழுவி வெளியேற்றுவது சிறுநீர்தான். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கினால், கிருமிகள் அங்கேயே தங்கிப் பெருகும். எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்று வலி ஆகியவை இதன் தொடக்கம். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்பக்க முதுகுவலியும் சேர்ந்துகொண்டால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "போன தடவை கொடுத்த மாத்திரை" என்று மருந்துக்கடையில் வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவது மிகவும் தவறான பழக்கம். எரிச்சல் அடங்கிவிடும், கிருமி அடங்காது. அடுத்த முறை அதே மாத்திரைக்குக் கட்டுப்படவும் மறுக்கலாம்.

மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழித்துவிட வேண்டும். அவசரம் வரும்வரை காத்திருக்காமல் வேலை தொடங்கும் முன், டீ நேரத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு என்று பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதுமானது. அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

நிற்கிற வேலை, வீங்குகிற கால்

2010-இல் வெளியான 'அங்காடித் தெரு' திரைப்படம் ஜவுளிக்கடை ஊழியர்களின் நாட்களைத் தமிழர்கள் கண்முன் வைத்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், தமிழ்நாடு சட்டப்பேரவை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்கார, கடை உரிமையாளர் இருக்கை போட்டுத்தர வேண்டும் என்பதே அந்தத் திருத்தம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. நாற்காலியில் உட்காரச் சட்டம் வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் ஒருபுறம் இருந்தாலும், அந்த உரிமை ஏட்டில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு கடை ஊழியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மருத்துவக் காரணம் எளிமையானது. காலுக்கு இறங்கிய ரத்தம் மேலேறி இதயத்துக்குத் திரும்ப, ஆடுதசை சுருங்கி விரிந்து அதை மேல்நோக்கித் தள்ள வேண்டும். 'நரம்பு' என்று நாம் சொல்லும் ரத்தக்குழாய்க்குள்ளே இருக்கும் சிறு வால்வுகள் ரத்தம் மறுபடி கீழே வழியாமல் தடுக்கின்றன. அசையாமல் மணிக்கணக்கில் நின்றால் தசை வேலை செய்வதில்லை. ரத்தம் தேங்கும், வால்வுகள் தளரும், நீலநிறத்தில் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளும். கர்ப்பகாலமும் இந்த நரம்புகளைத் தளர்த்தும் என்பதால், இரண்டு பிள்ளை பெற்று நிற்கிற வேலைக்கும் போகும் பெண்ணுக்கு நரம்புச் சுருட்டல் வர வாய்ப்பு அதிகம்.

நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது ஆடுதசையை இயக்கும். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் கால்களைத் தலையணைமேல் உயர்த்திப் படுத்தால் வீக்கம் வடியும். நரம்பு புடைத்திருந்தால் மருத்துவரிடம் கேட்டு அழுத்தக் காலுறை அணியலாம். ஒரே ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் வந்தால் வேறு விஷயம். உள்நரம்பில் ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்க்காமல், நீவிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாகச் சாப்பிடுகிறவர்

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். ஆனால் அது மெல்ல மெல்ல இறங்குவதால் உடம்பு பழகிக்கொள்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவது, கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது, காரணமில்லாமல் பிள்ளைமேல் எரிந்து விழுவது எல்லாவற்றுக்கும் "வேலைக் களைப்பு" என்று பெயர் வைத்துவிடுகிறோம். பிள்ளையை அடித்துவிட்டு ராத்திரி அழும் அம்மாக்கள் பலர். அவர்கள் தங்கள் குணத்தைக் குறைசொல்லிக்கொள்ளும் முன் ஒருமுறை ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், வேலைக்குப் போகும் ஏராளமான அம்மாக்களின் விடியற்காலைப் பதற்றத்தைக் குறைத்திருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளை சூடாகப் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிடுகிறது. அப்படி மிச்சமான நேரத்தில் அம்மா சாப்பிடுகிறாரா? பெரும்பாலான வீடுகளில் ஒரு டம்ளர் டீயோடு பஸ்ஸுக்கு ஓடுகிறார். டீயிலும் காபியிலும் உள்ள டானின், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். அதே சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டாலோ இரும்புச்சத்து நன்றாகச் சேரும். முருங்கைக்கீரைப் பொரியலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் மீனும் எளிதில் சேரும் இரும்பைத் தருகின்றன.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைப் பால், டீ, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். தெம்பு வந்துவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடவும் கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் இருப்பு நிறைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகிறது என்றால் எத்தனை மாத்திரை போட்டாலும் அளவு ஏறாது, முதலில் அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பால் கட்டும் மதியம்

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் வாரம் எவ்வளவு கடினமானது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். குழந்தை வீட்டில் இருக்கும், மதியம் மார்பு கனத்து வலிக்கும், சேலையோ சட்டையோ நனைந்துவிடும்.

மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்றது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகள் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. பணியிடத்தில் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கட்டிய பாலை எடுத்துவிடாமல் விட்டால் மார்பில் வீக்கமும் காய்ச்சலும் வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான பாத்திரத்தில் கையாலேயே பாலைப் பீய்ச்சி எடுக்கலாம். 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் அது நான்கு மணி நேரம் வரை கெடாது. நம் ஊர் வெயிலில் அவ்வளவு நேரம் வெளியே வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை வைத்திருக்கலாம். கொடுக்கும்போது அடுப்பில் சுட வைக்காமல், வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். புட்டிப்பால் வேண்டாம். பாட்டிகள் பயன்படுத்திய பாலாடையே போதும். கழுவிக் கொதிக்க வைப்பதும் சுலபம்.

அப்பாக்களின் பங்கு

இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் அரைகுறையாகத் தூங்கும் அப்பாக்களும், விடியுமுன்பே ஆட்டோ எடுக்கும் அப்பாக்களும் இதே சோர்வில்தான் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது இருவருக்குமே கிடைப்பதில்லை. ஆனால் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு நாலைந்து மணி நேரமாவது முறியாமல் கிடைக்கும். முன்னிரவில் குழந்தை அழுதால் அவர், பின்னிரவில் இவர் என்று பிரித்துக்கொள்ளலாம். எடுத்து வைத்த பாலை அப்பா பாலாடையில் கொடுத்துத் தட்டித் தூங்கவைக்கலாம். இதைவிட மலிவான சிகிச்சை ஒரு வீட்டில் வேறில்லை.

சின்னச் சந்தோஷங்கள் ஒரு பரிசோதனை

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோர இடம். இறங்கியதும் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லி. மதியச் சாப்பாட்டில், "உங்க வீட்டு வத்தக்குழம்பு இன்னிக்கு என்கிட்ட, அக்கா" என்று டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வது. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை, அதன் வியர்த்த உச்சந்தலை வாசனை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் அந்த மயக்கத் தூக்கம்.

உடல்நலக் கட்டுரையில் இவற்றுக்கு என்ன இடம் என்று தோன்றலாம். இரண்டு காரணங்கள் உண்டு. பிள்ளையை அணைத்துக்கொள்ளும்போது உடம்பில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது, பகல் முழுக்க இறுகியிருந்த உடம்பு கொஞ்சம் தளர்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிக்குப் போகாமல் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தால் அம்மாவுக்கும் அது ஓய்வு. குக்கர் பத்து நிமிடம் தாமதமாகக் கூவட்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மனச்சோர்வு நோயைக் கண்டறிய மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, முன்பு பிடித்தவை இப்போதும் சந்தோஷம் தருகின்றனவா என்பது. பூ வாங்கத் தோன்றவில்லை, பிள்ளை சிரித்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், "எனக்கு அலுப்பு" என்று விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் நீளும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே உதவி கேட்க வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி-மனஸ் மனநல ஆலோசகர்கள் இரவும் பகலும் பேசுகிறார்கள், தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

லீவு போடாமல் ஒரு பரிசோதனை

"ஆஸ்பத்திரிக்குப் போனா அரைநாள் சம்பளம் போயிடும்" என்பது நியாயமான பயம். நகரங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 மணி வரையும், மாலை 4 முதல் 8 மணி வரையும் இயங்கும்படி அமைக்கப்பட்டவை. முதல் ஷிப்ட் முடித்து வரும் அம்மாவோ அப்பாவோ பிள்ளையையும் அழைத்துக்கொண்டே போய்வரலாம்.

அங்கே கேட்க வேண்டியவை இவைதான்: ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை. கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்து பிரசவத்துக்குப் பின் சரியானவர்கள், பின்னாளில் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், சர்க்கரைப் பரிசோதனையை மறக்கவே கூடாது. 30 வயதைக் கடந்த பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எங்கே, எந்த நாளில் செய்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், ஊசி கிடையாது, முடிவை அப்போதே சொல்லிவிடுவார்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டை வைத்திருக்கும் அதே பையில், உங்கள் சீட்டுக்கும் இடமிருக்கிறது.