பாட்டியின் ஸ்வெட்டரும் ஒரு சராசரியும்

குழந்தைகளே, இப்படி நினைத்துப் பாருங்கள். நீங்கள் நியூ ஜெர்சியில், நியூவார்க் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஜனவரி மாதம் உங்கள் பாட்டி சென்னையிலிருந்து வருகிறார். போன வருடம் இதே ஜனவரியில் அவர் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தார். பெட்டி கட்டும்போது பாட்டி போனில் கேட்கிறார்:

"கண்ணு, மாமா ஊருக்கு ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். உங்க ஊருக்கும் அது போதுமா?"

நீங்கள் உடனே கணினியில் தேடுகிறீர்கள். ஒரு வருடத்தின் சராசரி வெப்பநிலை சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 58 டிகிரி ஃபாரன்ஹீட். நியூவார்க்கில் சுமார் 56 டிகிரி.

"போதும் பாட்டி! ரெண்டே ரெண்டு டிகிரிதான் வித்தியாசம்!"

பாட்டி வந்து இறங்குகிறார். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவருடைய பற்கள் தந்தி அடிக்கின்றன.

"என்ன கண்ணு, ரெண்டு டிகிரின்னு சொன்னியே!"

நீங்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த எண்களும் சரிதான். அப்படியானால் தவறு எங்கே?

சராசரி

பன்னிரண்டு மாத வெப்பநிலைகளையும் கூட்டுங்கள். வரும் தொகையை 12-ஆல் வகுங்கள். கிடைப்பதுதான் கூட்டுச் சராசரி. பள்ளியில் ஆங்கிலத்தில் இதை 'மீன்' என்று சொல்லித் தருவார்கள். குளத்தில் நீந்தும் மீன் இல்லை!

சராசரி எல்லா எண்களையும் ஒன்றாகக் கலந்துவிடும். கொதிக்கும் கோடையையும் உறையும் குளிரையும் கலந்தால், நடுவில் ஓர் இதமான எண் வரும். ஆனால் பாட்டி வந்தது ஜனவரியில்!

வீச்சு

இப்போது மாதங்களைத் தனித்தனியாகப் பார்ப்போம். இவை அந்தந்த மாதத்தின் சராசரி வெப்பநிலைகள், சுமாராக:

சான் பிரான்சிஸ்கோ: ஜனவரியில் 52, செப்டம்பரில் 64
நியூவார்க்: ஜனவரியில் 33, ஜூலையில் 78
சென்னை: ஜனவரியில் 77, மே மாதத்தில் 91

மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழித்தால் கிடைப்பது வீச்சு. எண்கள் எவ்வளவு தூரம் பரவி இருக்கின்றன என்பதை அது காட்டும்.

சான் பிரான்சிஸ்கோவின் வீச்சு 12. நியூவார்க்கின் வீச்சு 45! சராசரி கிட்டத்தட்ட ஒன்றுதான். வீச்சு மட்டும் எவ்வளவு வேறு, பார்த்தீர்களா? சென்னையின் வீச்சு 14. அதனால்தான் பாட்டிக்குக் கோடைக்கு ஒரு துணி, குளிருக்கு ஒரு துணி என்று வாங்கிப் பழக்கமே இல்லை.

பாட்டி வகுப்புக்கு வருகிறார்

சனிக்கிழமை பாட்டி உங்களோடு தமிழ்ப் பள்ளிக்கு வருகிறார். உங்கள் வகுப்பில் ஐந்து பேர். வயது: 8, 9, 9, 9, 10. கூட்டினால் 45. ஐந்தால் வகுத்தால் சராசரி 9. சரியாகத்தானே இருக்கிறது?

பாட்டிக்கு 69 வயது. அவரும் பெஞ்சில் உட்காருகிறார். இப்போது கூட்டினால் 114. ஆறு பேர். 114-ஐ ஆறால் வகுத்தால் 19!

வகுப்பைச் சுற்றிப் பாருங்கள். அங்கே 19 வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒரே ஒரு பெரிய எண் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது.

இடைநிலை அளவு

இதற்கு ஒரு வழி உண்டு. எல்லோரையும் வயதுப்படி வரிசையாக நிற்க வையுங்கள்: 8, 9, 9, 9, 10, 69. நடுவில் நிற்பவர் யார்? ஆறு பேர் என்பதால் நடுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருக்கும் வயது 9. அவர்களுடைய வயதைக் கூட்டிப் பாதியாக்கினாலும் 9தான். இதுதான் இடைநிலை அளவு. பாட்டிக்கு 69 இல்லாமல் 99 வயது ஆகியிருந்தாலும் இது மாறாது.

அமெரிக்காவில் குடும்பங்களின் வருமானத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் இடைநிலை அளவையே சொல்கிறார்கள். ஏன் தெரியுமா? உங்கள் தெருவுக்கு ஒரு பெரும் கோடீஸ்வரர் குடிவந்தால் தெருவின் சராசரி வருமானம் எகிறிவிடும். ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாக வராது!

2020-இல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதன்படி இந்த நாட்டு மக்களின் வயதின் இடைநிலை அளவு 38.8. அதாவது, பாதிப் பேர் அதைவிட இளையவர்கள். மீதிப் பாதிப் பேர் மூத்தவர்கள்.

முகடு

மலையின் உச்சிக்கும் கூரையின் உச்சிக்கும் முகடு என்று பெயர். எண்களில், அதிக முறை வருவதுதான் முகடு. வரைபடம் வரைந்தால் அதுதான் உயரமாக நிற்கும். உங்கள் வகுப்பில் 9 மூன்று முறை வந்தது. எனவே முகடு 9.

பொங்கல் விழாவுக்கு டீ-ஷர்ட் வாங்கும்போது முகடு உதவும். சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளைக் கூட்டி வகுக்க முடியாது. எந்த அளவை அதிகம் பேர் கேட்கிறார்கள் என்று எண்ணலாம். அந்த அளவில்தான் அதிகம் வாங்க வேண்டும்.

மறுபடியும் போன்

அடுத்த வருடம் பாட்டி மறுபடியும் கூப்பிடுகிறார்.

"கண்ணு, டெக்சாஸ்ல டாலஸ் சித்தி வீட்டுக்குப் போறேன். அங்க சராசரி 67 டிகிரியாம். ஸ்வெட்டர் வேணுமா, வேண்டாமா?"

டாலஸில் ஜனவரியில் சுமார் 47 டிகிரி. ஆகஸ்டில் சுமார் 87. வீச்சு 40! இந்தத் தடவை நீங்கள் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்கிறீர்கள்:

"எந்த மாசம் போறீங்க பாட்டி?"

புதிய சொற்கள்

கூட்டுச் சராசரி – எல்லா எண்களையும் கூட்டி, எத்தனை எண்களோ அத்தனையால் வகுத்தால் வருவது
இடைநிலை அளவு – வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது
முகடு – அதிக முறை வருவது
வீச்சு – பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ளவர்களின் வயதை எழுதுங்கள். சராசரி, இடைநிலை அளவு, வீச்சு மூன்றையும் கண்டுபிடியுங்கள். சராசரி வயதில் வீட்டில் யாராவது இருக்கிறார்களா?
2. திருக்குறளில் 1330 குறள்கள் உள்ளன. ஒவ்வொரு குறளிலும் ஏழு சீர்கள். சீர்களின் எண்ணிக்கைக்குச் சராசரி என்ன? முகடு என்ன? வீச்சு என்ன? (பேனாவை எடுக்காமலே சொல்லலாம்!)