ஓடும் ஆலையில் இயந்திரம் மாற்றுதல்

ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குச் சென்றவர்கள் பழைய ஆலை இயந்திரங்களைக் கண்டிருப்பீர்கள். கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்க விடப்பட்டு, உலர்த்தப்பட்டு, தரம் பிரிக்கப்பட்ட பின்னரே தேயிலையாகிறது. ஒரு படியில் பிழைத்ததை அடுத்த படி திருத்தித் தராது. மென்பொருளும் இத்தகைய வரிசையில்தான் உருவாகிறது. அதனை ‘பில்ட் பைப்லைன்’ என்பர்.

நிரலாளர் ஒருவர் ஒரு வரியை மாற்றியதும் இவ்வரிசை தானாகவே இயங்கத் தொடங்கும். முதலில் நிரலையும் அதற்குத் தேவையான துணைப் பொதிகளையும் ஒன்றுசேர்க்கும். அடுத்து, முன்னரே எழுதி வைத்த சோதனைகளை நடத்தும். எல்லாம் சரியானால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. பச்சையானதே பாவனையாளரைச் சென்றடையும்.

பெரும்பாலான மென்பொருள்கள் ‘சட்டகம்’ எனப்படும் ஆயத்த அடித்தளத்தின் மீது எழுதப்படுகின்றன. சட்டகத்துக்கும் மொழிக்கும் புதிய பதிப்புகள் வரும். பழையவற்றுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் ஒருநாள் நின்றுவிடும். உயர்தர வகுப்பில் நாம் கற்கும் பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 இல் வெளியானது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. மாறுவதற்குப் பதினொரு ஆண்டுகள் கிடைத்தும் பலர் தயங்கினர். காரணம் இல்லாமலில்லை. 7/2 என்று எழுதினால் இரண்டாம் பதிப்பு 3 என்றும் மூன்றாம் பதிப்பு 3.5 என்றும் விடை தரும். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் வராது. விடை மட்டும் மாறிவிடும். இதைப் பிடிக்கச் சோதனை வேண்டும்.

அப்படியானால் ஆலையை மூடிவிட்டு மாற்றலாமா? கொழுந்து நாள்தோறும் வந்துகொண்டே இருக்கிறதே! உம்மாவின் கைத்தொலைபேசியில் உள்ள இன்ஸ்டகிராமும் இதே சிக்கலைச் சந்தித்தது. அதன் பொறியியலாளர்கள் வேலையை நிறுத்தவில்லை. தனியாக ஒரு பிரதி எடுத்துத் திருத்தவுமில்லை. பிரதி எடுத்தால், மூல நிரல் நாளுக்கு நாள் விலகிச் செல்ல, இரண்டையும் பின்னர் இணைப்பது பெரும்பாடாகும். ஆகவே ஒரே நிரலை இரு பதிப்புகளிலும் இயங்குமாறு சிறிது சிறிதாகத் திருத்தினர். புதிய பதிப்பில் தோற்கும் சோதனைகளைப் பட்டியலிட்டு, அப்பட்டியலைக் குறைத்துக்கொண்டே வந்தனர். மூன்றாம் பதிப்பில் இயங்காத புதிய பொதி எதையும் சேர்ப்பதில்லை என்றும் முடிவெடுத்தனர். இறுதியில் முதலில் தமக்கும், பின்னர் மிகச் சிறு விகிதத்தினருக்கும், அதன்பின் அனைவருக்கும் வழங்கினர். சுமார் பத்து மாதங்களில், 2017 இல் பணி நிறைவுற்றது.

இதிலிருந்து பெறும் வழிமுறை எளிது. மாற்றம் முடியும்வரை பைப்லைனில் இரு தடங்கள் ஓட வேண்டும். பழைய தடம் எப்போதும் பச்சையாக இருக்க வேண்டும். புதிய தடம் தொடக்கத்தில் சிவப்பாகலாம். ஆனால் ஒருமுறை வென்ற சோதனை மீண்டும் தோற்க இடமளிக்கக் கூடாது. பொதிகளின் பதிப்பு எண்களைப் பூட்டி வைக்க வேண்டும். இல்லையேல் நேற்று பச்சையானது இன்று காரணமின்றிச் சிவப்பாகும். பட்டியல் வெறுமையானதும் பழைய தடத்தை அகற்றலாம். அவசரத்துக்காகச் சோதனையை ‘தற்காலிகமாக’ நிறுத்துவதே பெரிய ஆபத்து. சிவப்பு விளக்கைக் கழற்றினால் பழுது மறையாது. பழுது தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

இது எமக்கு எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ எனும் இலவச மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றை அது பதிவு செய்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதையும் வென்றது. முதலில் பி.எச்.பி. மொழியில் இருந்த அது, பின்னர் பைதனில் வேறொரு சட்டகத்தின் மீது புதிதாக எழுதப்பட்டது; 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் உதவியது.

அனர்த்த மென்பொருள் மாதக்கணக்கில் சும்மா இருக்கலாம். ஆனால் மண் சரியும் இரவில் உடனே இயங்கியாக வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை கேட்டு மழைக்காலத்தைக் கழிக்கும் கண்டி மலைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அமைதியான நாட்களிலும் பைப்லைனை ஓட்டிப் பார்ப்பவர், அந்த இரவுக்காகவே உழைக்கிறார். கணினி கற்கும் எம் மாணவியரும் அப்பணிக்கு ஆயத்தமாகலாம்.