47 தடவை ஆடிய கால்கள்!

நாள் முழுக்க ஆபீஸ், அடுப்படி, பிள்ளைகளின் ஹோம்வொர்க் என்று ஓடி அலுத்துப்போய் ராத்திரி ஒன்பதரை மணிக்கு டி.வி. முன்னால் உட்காருகிறீர்கள். ஏதோ ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். பின்னால் வால் தொங்கும் கோட்டு போட்ட ஒல்லி மனிதர் ஒருவர், பளபளக்கும் தரையில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து லேசாகச் சுழற்றுகிறார். பாஷை பாதி புரியவில்லை. கதையும் தெரியாது. ஆனாலும் சேனலை மாற்ற மனசு வரவில்லை. அடுத்த அஞ்சாவது நிமிஷம் உங்கள் கால் விரல்கள் தாளம் போடுகின்றன. கவனித்திருக்கிறீர்களா?

அந்த ஒல்லி மனிதர் ஃப்ரெட் அஸ்டேர். அந்தப் பெண் ஜிஞ்சர் ராஜர்ஸ். இரண்டு பேரும் சேர்ந்து நடித்தது மொத்தம் பத்தே படங்கள். 1933லிருந்து 1939க்குள் ஒன்பது. பிறகு பத்து வருஷம் இடைவெளி விட்டு 1949ல் ஒன்று. அவ்வளவுதான்!

அவர்கள் வந்த நேரத்தைப் பாருங்கள். 1929ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. பாங்க்குகள் வரிசையாக மூடிக்கொண்டன. 1933ல் அங்கே உழைக்கும் ஜனங்களில் ஏறக்குறைய நாலு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்தார். இலவச சூப்புக்குத் தெருவில் க்யூ நின்ற காலம். அந்த வருஷக் கடைசியில் வந்த படம் 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'. ஹீரோ ஹீரோயின் வேறு யாரோ. இவர்கள் இருவரும் அதில் பக்கவாத்தியம்தான். நடுவில் நெற்றியோடு நெற்றி ஒட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினார்கள். ஜனங்கள் ஹீரோவை மறந்துவிட்டு இந்த ஜோடியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அஸ்டேருக்கு இன்னொரு ஜோடி சேருவதில் துளிக்கூட விருப்பமில்லை! சின்ன வயதிலிருந்து அக்கா அடீலுடன்தான் மேடையில் ஆடிவந்தார். 1932ல் அக்கா கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டுவிட்டார். மறுபடி ஒருவரோடு பெயரைச் சேர்த்துச் சொல்லும்படி மாட்டிக்கொள்ள வேண்டாமே என்று நினைத்தார் மனிதர். சினிமாக் கம்பெனி விடவில்லை.

சரி, அப்படி என்ன இருக்கிறது இந்த ஜோடியிடம்?

முதல் விஷயம், காமிரா. அஸ்டேர் இதில் ரொம்பக் கறார். ஆடும்போது தலை முதல் பாதம் வரை முழு உடம்பும் தெரிய வேண்டும். கால் மட்டும் தனியாக, முகம் மட்டும் தனியாக என்று துண்டு போடக் கூடாது. 'கட்'டும் முடிந்தவரை கூடாது. அதனால் நீங்கள் பார்ப்பது நிஜமாகவே இரண்டு பேர் மூச்சு விடாமல் ஆடும் ஆட்டம். எங்கேயும் ஏமாற்று இல்லை. நம் உடம்பு இதைப் புரிந்துகொள்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய ஆட்டத்தைப் பார்க்கும்போது கண் மட்டும்தான் பார்க்கிறது. இதில் தோளும் இடுப்பும்கூட சேர்ந்து பார்க்கின்றன.

இரண்டாவது விஷயம், ஊடல். இவர்கள் படங்களில் முத்தக் காட்சி கிட்டத்தட்ட கிடையாது. காதலைச் சொல்வது, மறுப்பது, கெஞ்சுவது, சம்மதிப்பது எல்லாமே ஆட்டம்தான். (இரண்டு பூக்களை முட்டவிட்டு வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன?) 1934ல் வந்த 'தி கே டிவோர்ஸி' படத்தில் அவள் எழுந்து போகப் பார்க்கிறாள். அவர் குறுக்கே வந்து நிற்கிறார். அவள் திரும்பிக்கொள்கிறாள். அவர் இரண்டு அடி வைத்துக் காட்டுகிறார். வேண்டாவெறுப்பாக அவளும் ஒரு அடி... கடைசியில் அவள் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சே இல்லாமல் ஒரு சிறுகதை! முடிந்தவுடன் அவர் அவளுக்கு ஒரு சிகரெட் நீட்டுகிறார் பாருங்கள், அதை மட்டும் தயவுசெய்து காப்பி அடிக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது 1936ல் வந்த 'ஸ்விங் டைம்'. நாட்டியப் பள்ளி ஒன்றில் ஜிஞ்சர் டீச்சர். அவளோடு பேச ஒரு சாக்கு வேண்டுமே என்று, ஆடவே தெரியாதவர் மாதிரி நடித்து மாணவராகச் சேருகிறார் அஸ்டேர். கால் பின்னுகிறது, வழுக்கி விழுகிறார், அவளையும் விழவைக்கிறார். வெறுத்துப்போன அவள், 'உங்களுக்கு ஆட்டம் வராது, காசை வீணாக்காதீர்கள்' என்கிற மாதிரி சொல்ல, அது முதலாளி காதில் விழுந்து அவள் வேலை போய்விடுகிறது. வேலை போவது என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று தியேட்டரில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். உடனே அஸ்டேர் முதலாளியைக் கூப்பிட்டு, 'இவங்க எவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்காங்க தெரியுமா?' என்று அவளை இழுத்துக்கொண்டு ஆட ஆரம்பிக்கிறார். முதல் சில நொடி அவள் முகத்தில் வரும் ஆச்சரியம் இருக்கிறதே! பிறகு அது சந்தோஷமாக மாறுகிறது. கடைசியில் மேடையைச் சுற்றியிருக்கும் சின்ன வேலியை இரண்டு பேரும் அநாயாசமாகத் தாண்டுகிறார்கள்.

இதே படத்தில் அஸ்டேர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடும் ஒரு காட்சியும் உண்டு. கறுப்பின மக்களை வெள்ளைக்காரர்கள் அப்படி வேஷம் கட்டிய காலம் அது. இன்றைக்கு அதை ரசிக்க முடியவில்லை. குழந்தைகளோடு பார்த்தால் ஏன் தப்பு என்று சொல்லிவிடுங்கள்.

சிரிப்புக்குப் பின்னால்...

'ஸ்விங் டைம்' படத்தின் கடைசி ஆட்டத்தில் இருவரும் படிக்கட்டு ஏறி, மேலே சுழன்று சுழன்று பிரிகிறார்கள். பார்க்கும்போது காற்றில் மிதப்பது மாதிரி இருக்கும். அதை எடுக்க 47 டேக் ஆனது! ஹைஹீல்ஸ் போட்டுக்கொண்டு ஆடிய ஜிஞ்சரின் கால் ரத்தம் கட்டி, தோல் உரிந்து, செருப்புக்குள் ரத்தம் வழிந்தது. அந்த அம்மா ஆட்டத்தை நிறுத்தவில்லை. அஸ்டேர் செய்ததையெல்லாம் ஜிஞ்சரும் செய்தார், அதுவும் பின்பக்கமாக, ஹைஹீல்ஸோடு என்று 1982ல் ஒரு அமெரிக்கக் கார்ட்டூன் கிண்டலடித்தது. கிண்டல் என்றாலும் நிஜம்.

1952ல் வந்த 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்திலும் இதே கதைதான். கொட்டும் மழையில் குடையோடு ஆடிய ஜீன் கெல்லிக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சல் என்று சொல்வார்கள். கூட நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு வயது 19. நாட்டியம் கற்றவர் அல்ல. ஒரு பாட்டை நாள் முழுக்க எடுத்து முடித்தபோது அவர் காலிலும் ரத்தம். முன்பொரு நாள் ஒத்திகையில் அழுது ஒரு பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணைத் தன் ஒத்திகையைப் பார்க்க வைத்துத் தைரியம் சொன்னவர் யார் தெரியுமா? நம்ம அஸ்டேர்தான். இவ்வளவு பெரிய ஆளும் வியர்த்து விறுவிறுத்துத் திணறுவதை அந்தப் பெண் கண்ணால் பார்த்தாள்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சிட் சரிஸ். சின்னக் குழந்தையாக இருந்தபோது போலியோ வந்தது. தேறிய பிறகு உடம்பில் வலு ஏறட்டும் என்று பாலே நடனத்தில் சேர்த்துவிட்டார்கள். வைத்தியமாக ஆரம்பித்ததுதான். 1953ல் வந்த 'தி பேண்ட் வேகன்' படத்தில் ஐம்பதைத் தாண்டிய அஸ்டேரோடு இவர் பூங்காவில் சும்மா நடந்து போவார். பேச்சு இல்லை. நடை மெல்ல மெல்ல ஆட்டமாக மாறும். எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. போலியோ வந்து தேறிய உடம்பு அது என்று தெரிந்துகொண்டு ஒருமுறை பாருங்கள்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சராசரியாக ஐந்து வருஷம் கவனித்து 2003ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புத்தகம் படிப்பது, வாத்தியம் வாசிப்பது, செஸ் மாதிரி பலகை விளையாட்டு, இவற்றோடு நடனம். இதில் ஈடுபட்டவர்களுக்கு ஞாபக மறதி நோய் குறைவாக வந்திருந்தது. உடம்பை அசைக்கும் வேலைகளில் இந்தப் பலன் தெரிந்தது நடனத்துக்கு மட்டும்தான். ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஆடினார்களா என்பதை இந்த ஒரு ஆராய்ச்சியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யோசித்தால் காரணம் பிடிபடுகிறது. நடக்கும்போது மனசு எங்கோ போய்விடும். ஜோடியாக ஆடும்போது தாளம், அடுத்த அடி, எதிரே இருப்பவரின் கை, இடம் என்று மூளைக்கு ஓயாத வேலை. பார்க்கின்சன்ஸ் நோயாளிகளுக்கு டேங்கோ நடனம் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் உடம்பின் பேலன்ஸ் தேறியதாகவும் அமெரிக்க ஆய்வுகள் உண்டு.

அப்படியானால் நாமும் ஆடலாமா? தாராளமாக! கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்காரரையோ வீட்டம்மாவையோ இழுத்துக்கொண்டு, பிடித்த பாட்டுக்கு ஒரு பத்து நிமிஷம். ஸ்டெப் சரியாக வரவேண்டும் என்றெல்லாம் கிடையாது. மாமியார் சிரித்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடும்போது பக்கத்திலிருப்பவரோடு இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும். பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்துங்கள். இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். முட்டி வலிக்காரர்களுக்குக் குதிப்பதும் காலை ஊன்றித் திருகுவதும் ஆகாது. பக்கவாட்டில் மெதுவாக அடி வையுங்கள், போதும். மொசைக் தரையில் சாக்ஸ் போட்டு ஆடினால் வழுக்கும். அறுபதுக்கு மேல் எலும்பு சுலபத்தில் ஒட்டாது. அஸ்டேரே எழுபதைத் தாண்டிய பிறகு பேரனின் ஸ்கேட்போர்டில் ஏறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்தான்!

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜிஞ்சருக்கு வலி தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கலாம். செருப்பு கடித்தாலும், தோல் உரிந்தாலும் வலியே தெரியாது. அதனால் வெறுங்காலோடு ஆட வேண்டாம். அளவான, மெத்தென்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஆடி முடித்ததும் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம் எல்லாம். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லை கூட ஆடியவரையே பார்க்கச் சொல்லலாம். கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் ஊசியால் குத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அது ஆறும் வரை ஆட்டத்துக்கு லீவு. உட்கார்ந்து 'ஸ்விங் டைம்' பார்க்கலாம்.